சுவரிலே ஒருத்தி, முறத்தின் முன்னே ஒருத்தி!

தோழர்களே!

திருக்கோவிலூரைத் தொட்டுச் செல்லும் தென்பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பது அதன் பெயர். எத்தனையோ வெள்ளம் வந்தது, வடிந்தது, பாறை நிற்கிறது. பறம்புமலை பறிபோயிற்று, பாரி மாண்டான். திக்கற்று நின்ற அவன் பெண்மக்களைக் காத்து அழைத்து வந்து, மலையமான் குடியிலே வாழ்வு தேடித் தந்துவிட்டு, இங்கேதான் கபிலர் உயிர்நீத்தார் என்பது இவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவர் தீப்புகுந்ததைக் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டும் கூறுகிறது.

அந்தப் பெண்மக்களைத் தமிழகம் எதற்காக நினைவில் வைத்திருக்கிறது? நிறத்துக்காகவா? நடைக்காகவா? இடைக்காகவா? இல்லை, தோழர்களே! புறநானூற்றின் 112-ஆம் பாட்டுக்காக! தந்தையையும் குன்றையும் இழந்த துயரத்தை ஐந்தே அடிகளிலே அடக்கிய அறிவுக்காக! ஈராயிரம் ஆண்டுக்கு முன்னே பெண் என்றால் பாட்டு நினைவுக்கு வந்தது இந்த மண்ணிலே.

குன்றைப் பார்த்துவிட்டு, ஊருக்குள்ளே நடந்து வாருங்கள். எந்த ஊரிலும் இருப்பதுபோல் இங்கும் பெட்டிக்கடை இருக்கிறது. முகப்பிலே சரம் சரமாகப் பாக்குப் பொட்டலங்கள். உள்ளே அடுக்கடுக்காய்ச் சிகரெட்டுப் பெட்டிகள். மூத்த தோழர்களைக் கேளுங்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னே இத்தகைய கடைகளின் நெற்றியிலே மின்னிய தகரப் பலகைகளைப் பற்றிச் சொல்லுவார்கள். பீடிக் கம்பெனி தந்த நாட்காட்டியிலே பல் தெரியச் சிரித்த பாவையைப் பற்றிச் சொல்லுவார்கள். வாயிலே சிகரெட்டு வைத்த ஆடவன், அவன் தோளிலே சாய்ந்து அவனையே அண்ணாந்து பார்க்கும் ஆரணங்கு, இதுதானே எழுதாத இலக்கணமாக இருந்தது!

ஒரு கேள்வி கேட்கிறேன். சோப்பு விளம்பரத்திலே சோப்பு இருக்கிறது, நுரை இருக்கிறது. பற்பசை விளம்பரத்திலே பல் இருக்கிறது. உர விளம்பரத்திலே பயிர் இருக்கிறது. புகையிலை விளம்பரத்திலே மட்டும் புகையிலையைக் காணோம், பெண் இருக்கிறாள்! ஏன்?

சரக்கைக் காட்டினால் சரக்கு விற்காது! தாரையும், நிக்கோட்டினையும், கார்பன் மோனாக்சைடையும் படம்போட்டுக் காட்டினால் எவன் காசு தருவான்? இருமலைக் காட்ட முடியுமா? கருகிய நுரையீரலைக் காட்ட முடியுமா? காட்ட முடியாத சரக்குக்கு முன்னே ஒரு திரை வேண்டும். அந்தத் திரையாகத் தொங்கவிடப்பட்டவள் பெண்.

இது நேற்றுப் பிறந்த சூது அல்ல. பிறந்த கதையைக் கேளுங்கள்.

எந்திரம் பெற்ற பிள்ளை

கையால் சிகரெட்டுச் சுருட்டிய காலத்திலே விற்பனையும் கையளவே இருந்தது. 1880-களிலே அமெரிக்காவில் பான்சாக் என்பான் ஓர் எந்திரம் கண்டான். ஒரே நாளிலே ஓர் இலட்சத்துக்கும் மேலான சிகரெட்டுகளைக் கக்கியது அது. அதனை வாங்கி ஓட்டிய முதலாளி ஜேம்ஸ் டியூக். எந்திரம் கக்குகிறது, புகைக்க ஆள் எங்கே? தேவை இருந்து சரக்குப் பிறக்கவில்லை. சரக்குப் பிறந்துவிட்டது, இனித் தேவையைப் பிறப்பித்தாக வேண்டும்!

என்ன செய்தான் டியூக்? சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே செருகிய அட்டையிலே நாடக நடிகைகளின் படத்தை அச்சிட்டான். அரைகுறை ஆடை அழகிகள்! வரிசை எண் போட்டுச் சேர்க்கச் சொன்னான். ஓர் அட்டைக்காக ஒரு பெட்டி, மறு அட்டைக்காக மறு பெட்டி! பையன்கள் பின்னாலேயே ஓடினார்கள். இந்த அசிங்கத்தைப் பெற்ற தகப்பனே பொறுக்கவில்லை. ஆபாசப் படங்களை நிறுத்து என்று 1894-ஆம் ஆண்டு வாஷிங்டன் டியூக் தம் மகனுக்குக் கடிதம் எழுதினார். தந்தைக்குச் சுட்டது, தனயனின் கல்லாப்பெட்டிக்குச் சுடவில்லை!

அங்கே தொடங்கிய ஊர்வலம் நிற்கவேயில்லை. 1960-களின் இறுதியிலே 'சில்வா தின்ஸ்' என்றொரு சிகரெட்டு. அதன் விளம்பரம் என்ன பேசிற்று தெரியுமா? சிகரெட்டும் பெண்ணைப் போன்றதே. மெலிந்ததும் வளமானதுமே சிறந்தது என்று பேசிற்று! 1969-இலே 'டிப்பலெட்' என்றொரு சுருட்டு. அவள் முகத்திலே புகையை ஊது, எங்கு வேண்டுமானாலும் உன் பின்னே வருவாள் என்றது! ஒருத்தியின் முகத்திலே புகை ஊதுவது வீரமாம்; ஊதப்பட்டவள் மயங்கிப் பின்தொடர்வது காதலாம்! நாய்க்குட்டிக்கும் நாயகிக்கும் வேறுபாடு தெரியாத நாகரிகம் இது!

நம் நாட்டிலே மட்டும் நல்லவிதமாகவா நடந்தது? 1910-இலே இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி என்று பிறந்து இன்று ஐ.டி.சி. என்று வழங்கும் நிறுவனம், 1960-களிலும் 1970-களிலும் 'வில்ஸ்' சிகரெட்டை விற்ற விதத்தை எண்ணிப் பாருங்கள். 'மேட் ஃபார் ஈச் அதர்' என்றார்கள். ஒருவருக்கு ஒருவர் என்றே அமைந்தவர்கள் என்பது பொருள். புகையிலையும் வடிகட்டும் பஞ்சும் பொருந்திய பொருத்தமாம்! ஆனால் படத்திலே பஞ்சா இருந்தது? சிரித்து மகிழும் இளந்தம்பதிகள் இருந்தார்கள்! தம்பதிகளுக்குப் போட்டிகூட நடத்தினார்கள். கொச்சைப்படம் இல்லை, குடும்பப்படம், உண்மைதான். ஆனால் கேளுங்கள்: கணவனின் நெஞ்சை அரிக்கும் சரக்குக்குச் சான்று சொல்ல, எந்த மனைவி நாளை அவன் கட்டிலருகே கண்விழித்து உட்காரப் போகிறாளோ, அவள் முகத்தையே எடுத்து ஒட்டினார்களே! இதைவிடக் கொடிய நகைச்சுவை உண்டோ?

இரண்டு 1929

இனி நான் சொல்லப்போவதை நம் தோழர்கள் நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டும்.

1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள், செங்கற்பட்டு. முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடுகிறது. ஆணைப்போல் பெண்ணுக்கும் சொத்திலே பங்கு வேண்டும், கைம்பெண்ணுக்கு மறுமணம் வேண்டும், பெண்ணுக்குக் கல்வி வேண்டும், வேலை வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. அது விடுதலையின் பட்டியல். அதிலே ஒவ்வொன்றும் பெண்ணின் கைக்கு வரவேண்டிய பொருள். சொத்துரிமைத் தீர்மானம் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1929-ஆம் ஆண்டு, மார்ச்சு 31, நியூயார்க். ஈஸ்டர் ஞாயிறு. ஐந்தாம் நிழற்சாலையிலே நாகரிக நங்கையர் சிலர் ஊர்வலத்தினிடையே சிகரெட்டைப் பற்றவைக்கின்றனர். 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பெயர்! புகைப்படக்காரர் தயாராக நிற்கின்றனர். மறுநாள் ஏடுகளெல்லாம் எழுதுகின்றன. யார் ஏற்பாடு? மாதர் சங்கமா? இல்லை. எட்வர்டு பெர்னேஸ் என்னும் விளம்பர வித்தகன் ஏற்பாடு! உளவியலறிஞர் பிராய்டுக்கு மருமகன் முறை. அவனுக்குக் கூலி கொடுத்தவர் யார்? 'லக்கி ஸ்டிரைக்' சிகரெட்டு விற்கும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி! ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூலிக்கணக்கு சொல்லப்படவில்லை.

பார்த்தீர்களா, தோழர்களே! ஆறே வார இடைவெளியில் உலகின் இரு முனைகளிலே இரண்டு விடுதலை! ஒன்று, சொத்தும் கல்வியும் கேட்டது, ஊர் பழித்தது. மற்றொன்று, சிகரெட்டைக் கையிலே திணித்தது, உலகம் படம்பிடித்தது. அசல் நாணயம் புழக்கத்துக்கு வர அறுபது ஆண்டு ஆயிற்று. போலி நாணயமோ மறுநாளே செல்லுபடியாயிற்று!

அந்தப் போலி நாணயத்தையே மீண்டும் மீண்டும் அச்சடித்தார்கள். 1968-இலே 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' வந்தது; 'வெகுதூரம் வந்துவிட்டாய், பெண்ணே' என்று அமெரிக்கப் பெண்ணின் தோளைத் தட்டிக் கொடுத்தது. வாக்குரிமை பெற்றாய், வேலை பெற்றாய், இனி நுரையீரல் நோயையும் பெறு என்பதுதானே அதன் உட்பொருள்! உலகச் சுகாதார நிறுவனம், 2010-ஆம் ஆண்டின் புகையிலை எதிர்ப்பு நாளைப் பெண்களைக் குறிவைக்கும் விற்பனைச் சூழ்ச்சியை அம்பலப்படுத்துவதற்கென்றே ஒதுக்கிற்று. ஏன்? 2016-17-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலே வயதுவந்த ஆண்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் புகைக்கின்றனர். பெண்களில் நூற்றுக்கு இருவர். எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பெண்களை நாம் தாய் என்கிறோம், தங்கை என்கிறோம், தோழர் என்கிறோம். வணிகன் என்ன சொல்லுகிறான்? 'இன்னும் பிடிக்காத சந்தை' என்கிறான்!

காட்டப்படாதவள்

சுவரிலே காட்டப்பட்டவளைப் பற்றிப் பேசினோம். காட்டப்படாதவள் ஒருத்தி இருக்கிறாள்.

திருநெல்வேலிச் சீமைக்குப் போய்ப் பாருங்கள். தென்காசிப் பக்கம் போய்ப் பாருங்கள். வேலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். திண்ணையிலே, தெருவோரத்திலே, மடியிலே முறத்தை வைத்துக் குனிந்திருக்கிறாள் ஒருத்தி. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டுகிறாள். ஒன்றல்ல, பத்தல்ல, ஆயிரம் சுருட்டினால்தான் கூலிக்கு ஒரு கணக்கு. தூள் மூக்கிலே ஏறுகிறது, விரல் தேய்கிறது, முதுகு வளைகிறது. தொட்டில் குழந்தையும் அதே காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறது. இந்தியாவிலே பீடி சுற்றுவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 1966-ஆம் ஆண்டிலேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையிலே வேலை செய்பவளை, தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளவே மனம் வரவில்லை பல முதலாளிமாருக்கு! நடுவிலே ஒரு தரகரை நிறுத்திவிட்டு, 'அவள் யாரோ, நான் யாரோ' என்பது அவர்கள் வேதாந்தம்.

என்றைக்காவது அவள் படம் விளம்பரத்திலே வந்ததுண்டா? தேய்ந்த விரல்களைப் பெரிதாக்கிக் காட்டி, 'இந்தக் கைகள் சுருட்டியது' என்று ஒரு பலகை நட்டதுண்டா? நடமாட்டார்கள்! உழைக்கும் பெண்ணின் முகம் கண்ணிலே பட்டால், வாங்குபவன் மனத்திலே ஒரு கேள்வி எழும். கேள்வி எழுந்தால் மயக்கம் கலையும்.

மூன்றாவதாகவும் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றிக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தாருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அப்போது வரிசையாக வைக்கப்பட்ட உடல்களின் அருகே அமர்ந்திருந்த பெண்களை நாடே பார்த்தது. சட்டமன்றம் அதிர்ந்தது, அதிகாரிகள் மாற்றப்பட்டனர், அமைச்சர்கள் வந்தனர். ஒரே இரவில் கொன்ற நஞ்சுக்கு அத்தனை அதிர்ச்சி! இருபது ஆண்டு எடுத்துக்கொண்டு, இருமலாய், புற்றாய், மாரடைப்பாய், ஒவ்வொருவராய்க் கொல்லும் நஞ்சுக்கு? இந்தியாவிலே புகையிலையால் மாள்வோர் ஆண்டுக்குப் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேல் என்கின்றனர் சுகாதாரத் துறையினர். எந்த அமைச்சரும் அந்தக் கட்டிலருகே வருவதில்லை. கட்டிலருகே ஒருத்தி மட்டும் இருக்கிறாள். அவளும் எந்த விளம்பரத்திலும் இல்லை.

ஆக, தோழர்களே, இந்த வாணிகத்துக்குப் பெண் மூன்று முறை தேவைப்படுகிறாள். விற்க அவள் முகம் வேண்டும். சுருட்ட அவள் விரல் வேண்டும். கடைசியிலே நோயாளியைத் தூக்க அவள் தோள் வேண்டும். முதலாமவளுக்கு ஒளிவெள்ளம், மற்ற இருவருக்கும் இருட்டு!

வாதங்களும் விடைகளும்

'ஐயா, இதெல்லாம் பழங்கதை. சட்டம் வந்துவிட்டதே' என்பார் ஒருவர். வந்தது, மறுக்கவில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. 2004 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மீறினால் முதல் முறை ஈராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டமோ 1986-இலேயே வந்துவிட்டது. பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பிலே எச்சரிக்கைப் படம் வேண்டும் என்பது 2016 முதல் நடப்பில் உள்ளது. நல்ல சட்டங்கள்தாம். ஆனால் முன்வாயிலைச் சாத்தினால் கொல்லைப்புறம் வருபவனுக்குப் பெயர் என்ன? புகையிலைக்குப் பழகிய அதே பெயரிலே ஏலக்காய் வருகிறது, பாக்கு வருகிறது! அதே பெயர், அதே வண்ணம், அதே எழுத்து. உடன் ஒரு திரைநட்சத்திரம்! 2022 ஏப்ரலில் இந்தி நடிகர் அக்ஷய் குமார், இத்தகைய விளம்பரமொன்றில் தோன்றியதற்காக மன்னிப்புக் கேட்டு விலகினாரே; வெறும் ஏலக்காய்க்காகவா ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டார்?

'பெண் புகைக்கக்கூடாது என்கிறீரா? பழமைவாதியாகிவிட்டீரே!' என்பார் இன்னொருவர். இல்லை, நண்பரே! ஆண் ஊதினால் அழகு, பெண் ஊதினால் அலங்கோலம் என்று கூறும் கூட்டத்திலே நாம் இல்லை. நஞ்சுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. ஒருத்தி புகைத்தால் அவள் ஒழுக்கத்தை அளக்க நமக்கு உரிமை கிடையாது. நாம் அளப்பது அவளை அல்ல. அவளுடைய விடுதலை வேட்கையைத் திருடித் தன் சரக்குக்கு முத்திரையாகக் குத்திக்கொண்டவனை!

'விளம்பரத்திலே நடிப்பவள் விரும்பித்தானே நடிக்கிறாள்?' என்பார் வேறொருவர். அவளைக் குறைகூற நாம் வரவில்லை. அவள் கூலி வாங்குகிறாள், அவ்வளவே. படத்திலே அவளுக்கு ஒரு பெயர் உண்டா? ஒரு சொல் உண்டா? ஆடவன் புகைக்க, அவள் பார்க்க வேண்டும், பார்க்கப்பட வேண்டும், இவ்விரண்டும் தவிர அவளுக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் படத்தை நாள்தோறும் பார்த்து வளரும் பையன், பெட்டியோடு சேர்த்து ஒரு பாடத்தையும் வாங்கிக்கொண்டு போகிறான்: பெண்ணும் கடையிலே கிடைக்கும் பொருள்தான் என்ற பாடம்! புகையை விட்டாலும் விடுவான். அந்தப் பாடத்தை அவன் விடுவானோ?

'அரசுக்கு வருமானம் வருகிறதே' என்பது கடைசி வாதம். வருகிறது! வரி மட்டுமா? மக்களின் உயிருக்கு ஈட்டுறுதி தரும் ஆயுள் காப்பீட்டுக் கழகமே அந்தப் பெரிய சிகரெட்டு நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களில் ஒன்றாக இருந்து வருகிறது! ஒரு கையால் ஆயுளுக்குப் பத்திரம், மறுகையால் ஆயுளைக் குறைப்பதிலே ஆதாயம்! இந்த விந்தையை எந்த நாடகாசிரியர் எழுதினாலும் 'மிகைப்படுத்தாதீர்' என்று நாமே கண்டித்திருப்போம்.

நம் வாசல்

பிறர் குற்றம் பேசி முடித்துவிட்டால் கட்டுரை இனிக்கும், காரியம் நடவாது. நம் வாசலையும் பார்ப்போம்.

கொடிக்கம்பத்தினடியிலே பெண்ணுரிமை பேசுகிறோம். பேசி முடித்துப் பெட்டிக்கடைக்குப் போகிறோம். ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரிலுள்ள படத்தைப் பார்த்து இரண்டு சொல் சொல்லிச் சிரிக்கிறோம். மேடையிலே சொன்னது பெரிதா, கடையோரத்திலே சொன்னது பெரிதா? கேட்டுக்கொண்டு நிற்கும் பதினைந்து வயதுப் பையனுக்குக் கடையோரத்துச் சொல்தான் கொள்கை! திருவிழாவுக்கும் கூட்டத்துக்கும் ஆள் சேர்க்க, அரைகுறை ஆடையோடு ஆடவைக்கும் ஆட்டத்துக்கு நன்கொடை எழுதுகிறோமே, அது டியூக் கண்டுபிடித்த அட்டைதானே? எந்தக் கட்சி என்று கேட்க வேண்டா. எல்லார் வீட்டு மூலையிலும் இந்த ஒட்டடை தொங்குகிறது. அவரவர் துடைப்பத்தை அவரவர் எடுக்கட்டும்.

செய்ய வேண்டுவன பெரிய காரியங்களல்ல. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, பதினெட்டு வயதுக்குட்பட்டவனுக்கு எங்குமே விற்கக்கூடாது, சட்டம் சொல்லுகிறது. உங்கள் தெருப் பள்ளியின் வாசலிலிருந்து நீங்களே நடந்து அளந்து பாருங்கள். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் ஏழை, பலகை அவருடையதன்று, கம்பெனியுடையது. அவரிடம் பேசுங்கள், பலகை இருந்தால் கழற்றச் சொல்லுங்கள், கேளாவிடில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மகளிர் அணித் தோழர்கள் பீடி சுற்றும் பெண்களின் கூலிக்கணக்கையும், தொழிலாளர் அட்டையையும் கேட்டு எழுதுங்கள். மாற்றுத் தொழிலுக்கு மனுக் கொடுங்கள். புகையிலையை ஒழி என்று சொல்லிவிட்டு, அதைச் சுருட்டிப் பிழைப்பவளைப் பட்டினியிலே விட்டால், நாமும் அவளை இருட்டிலே தள்ளியவராவோம். எல்லாவற்றுக்கும் முன்னே, கையிலே எரிவதை நாமே கீழே போட்டுத் தேய்ப்போம்!

தென்பெண்ணையின் நடுவே அந்தப் பாறை நிற்கிறது. அதைப் பார்க்கும் எவரும் பாரி மகளிரின் முகம் எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. அவர்கள் பாடியது என்ன என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஊரிலே, பெண்ணின் முகத்தைப் புகைக்கு முகமூடியாக விற்க எவனையும் விடலாமா?

விடமாட்டோம் என்று சொல்லுங்கள், தோழர்களே! சொல்லிவிட்டுப் பெட்டிக்கடைப் பக்கம் நடந்து வாருங்கள். வேலை அங்கே காத்திருக்கிறது.